படுக்கை ஈரமும் சிறுநீர்க் கசிவும்: எந்தச் சிகிச்சை சோதனையில் தேறியது?

கேள்வி இதுதான்: எட்டு வயது மகன் வாரத்தில் நாலைந்து இரவு படுக்கையை நனைக்கிறான். 58 வயது அம்மாவுக்கு இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது, சில நாள் கழிவறைக் கதவைத் திறப்பதற்குள்ளேயே ஆகிவிடுகிறது. ஒருவர் மாத்திரை என்கிறார், ஒருவர் பயிற்சி என்கிறார், ஒருவர் ஆபரேஷன் என்கிறார். இதில் எதையாவது உண்மையில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? அம்மாவை ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

சோதித்திருக்கிறார்கள், நிறையவே. நான் மருத்துவர் இல்லை. இந்தத் துறையின் ஆய்வுகளில் பல வருடம் வேலை பார்த்தவன். நோயாளிகள் எழுதிக் கொண்டுவரும் சிறுநீர் நாட்குறிப்புகளை எண்ணுவது, பயன்படுத்திய பேடுகளை எடை போடுவது, மாத்திரை டப்பாவில் மிச்சம் எத்தனை என்று பார்ப்பது என் வேலை. அதனால் உங்கள் வீட்டில் யாருக்கு எந்த மருந்து என்று சொல்ல மாட்டேன். எது எந்தச் சோதனையில் எப்படித் தேறியது என்று சொல்ல முடியும்.

முதலில் இந்தத் துறையின் பெரிய வழுக்குப் பாறையைக் காட்டிவிடுகிறேன். இந்தத் தொல்லைகள் சும்மா இருந்தாலே ஓரளவு குறையும். ஐந்து வயதுக் குழந்தைகளில் 100 பேருக்கு 15 பேராவது இரவில் நனைப்பவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து ஃபோர்சைத், ரெட்மண்ட் இருவரும் 1974-ல் வெளியிட்ட கணக்கின்படி, நனைப்பவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் ஒவ்வொரு வருடமும் எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடுகிறார்கள். ஆகவே நூறு பிள்ளைகளுக்கு நீங்கள் வெறும் சர்க்கரை உருண்டை கொடுத்து ஒரு வருடம் காத்திருந்தாலும் பதினைந்து பெற்றோர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள்.

பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கக்கூட வேண்டாம். பர்ஜியோ என்ற ஆய்வாளரின் குழு 1998-ல் வெளியிட்ட ஒரு சோதனையை இந்தத் துறையில் வேலைக்கு வரும் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருவேன். 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்கள். எல்லோருக்கும் அவசரக் கசிவு, அதாவது உந்துதல் வந்தால் அடக்க முடியாத வகை. சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தசையையும் உந்துதலையும் கட்டுப்படுத்தும் பயிற்சி, ஒரு குழுவுக்கு ஆக்சிபியூட்டினின் மாத்திரை, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எட்டு வாரத்தில் பயிற்சிக் குழுவில் கசிவு 80.7 சதவீதம் குறைந்தது, மருந்துக் குழுவில் 68.5. வெற்று மாத்திரைக் குழுவில்? 39.4 சதவீதம். மருந்தே இல்லாமல் நாற்பது சதவீதம்! அவர்கள் பொய் சொல்லவில்லை. நாட்குறிப்பு எழுத ஆரம்பித்த அன்றே மனிதர்கள் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். கிளம்புமுன் ஒருமுறை போய்வருகிறார்கள், மாலைத் தேநீரைக் குறைக்கிறார்கள். யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் 'இதைச் சாப்பிட்டேன், குறைந்தது' என்று யாராவது சொன்னால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: எதோடு ஒப்பிட்டு?

சரி, மகனுக்கு வருவோம்.

குழந்தைகளின் படுக்கை ஈரத்துக்கு இருக்கும் சிகிச்சைகளில் நின்று நிலைக்கும் பலன் தருவது மாத்திரை அல்ல, ஓர் அலாரம். அதன் பிறப்பே வேடிக்கையானது. பௌண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் 1904-ல் வார்டில் குழந்தை நனைத்தவுடன் நர்ஸுக்குத் தெரியட்டும் என்று ஈரம் பட்டால் மணியடிக்கும் கருவி ஒன்றைப் படுக்கையில் வைத்தார். துணி மாற்றுவதற்காக வைத்த மணி அது. கொஞ்ச நாளில் குழந்தைகள் நனைப்பதே குறைந்ததைப் பார்த்தார்கள். 1938-ல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதி 30 குழந்தைகளிடம் அதை முறையான சிகிச்சையாகவே பயன்படுத்தி, எல்லோரும் உலர்ந்தார்கள் என்று எழுதினார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது; இன்று அப்படி எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பின்னால் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. அவற்றைத் திரட்டிப் பார்த்த கோக்ரேன் மதிப்பாய்வு (சிகிச்சை ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் சர்வதேச அமைப்பின் அறிக்கை) 2005-ல் சொன்னது: அலாரம் பயன்படுத்தும் காலத்தில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் உலர்ந்துவிடுகிறார்கள், விடாமல் செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலாரத்தை எடுத்த பிறகும் உலர்ந்தே இருக்கிறார்கள். எதுவும் செய்யாத குழுவில் அப்படி ஆனவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது, ஏனென்றால் இதைப் பாதியில் விடுகிறவர்கள் நிறைய. உள்ளாடையில் ஒரு சின்ன உணரி, தோளில் ஒரு பெட்டி. நடுராத்திரி ஒன்றேகால் மணிக்குப் பெட்டி அலறுகிறது. அடுத்த அறையில் அப்பா எழுந்துவிடுகிறார், தங்கை எழுந்துவிடுகிறாள், பையன் மட்டும் அசையவில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் பல வீடுகளில் இதுதான் கதை. 'அலாரம் வேலை செய்யவில்லை' என்று கருவியைத் திருப்பித் தருகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் தருகிறார்கள். செய்ய வேண்டியது: பெரியவர் யாராவது போய் அவனை நன்றாக எழுப்பி, அவன் கையாலேயே அலாரத்தை அணைக்க வைத்து, கழிவறைக்கு நடத்திப் போய், மிச்சத்தை அங்கே முடிக்க வைத்து, துணி மாற்றி, உணரியை மறுபடி மாட்டிப் படுக்க வைப்பது. முன்னேற்றத்தின் முதல் அடையாளம் உலர்ந்த இரவு இல்லை. போர்வை முழுக்க இருந்த ஈரம் உள்ளங்கை அளவாகச் சுருங்குவது. நாங்கள் பெற்றோரிடம் ஈரத்தின் அளவை 'பெரிது, நடுத்தரம், சின்னது' என்று குறிக்கச் சொல்வதே அதற்காகத்தான். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தொடர்ந்து 14 இரவு உலர்ந்தால் நிறுத்தலாம் என்பது வழக்கமான கணக்கு. சில ஆய்வுகளில் அதற்குப் பிறகு வேண்டுமென்றே படுக்குமுன் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து அலாரத்தோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினார்கள்; அப்படிச் செய்த குழந்தைகளுக்குத் திரும்ப வருவது குறைந்தது. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் சோதித்தது.

'இவன் கும்பகர்ணன், அதான் இப்படி' என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். யுங் என்பவரின் குழு தூக்கத்தைப் பதிவுசெய்து 2008-ல் வெளியிட்ட முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது: கடுமையாக நனைக்கும் குழந்தைகளின் தூக்கம் ஆழமாக இல்லை, துண்டு துண்டாக, லேசாக இருந்தது. சிறுநீர்ப்பை திரும்பத் திரும்பத் தட்டி எழுப்பப் பார்க்கிறது, மூளை முழுதாக விழித்துக்கொள்ளவில்லை. பையன் சோம்பேறி என்ற எண்ணம் இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். பரம்பரையும் பலமாக இருக்கிறது. பேக்வின் 1973-ல் பார்த்த குடும்பங்களில், அப்பா அம்மா இருவரும் சிறு வயதில் நனைத்திருந்தால் பிள்ளைகளில் 77 சதவீதம் பேர், ஒருவர் மட்டும் என்றால் 44 சதவீதம் பேர், இருவரும் இல்லை என்றால் 15 சதவீதம் பேர் நனைத்தார்கள். உங்கள் சின்ன வயசுக் கதையைப் பாட்டியிடம் ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள்.

மாத்திரை என்றால் அநேகமாக டெஸ்மோபிரெசின். இரவில் சிறுநீரகம் நீரைக் குறைவாக வெளியேற்றும்படி வேசோபிரெசின் என்ற ஹார்மோன் பார்த்துக்கொள்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் நனைக்கும் பிள்ளைகள் சிலரிடம் இந்த ஹார்மோன் இரவில் கூடாததைக் காட்டினார்கள். அந்த ஹார்மோனின் செயற்கை வடிவம்தான் இந்த மருந்து. சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், வெற்று மருந்தைவிட வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டு ஈர இரவு குறைகிறது. உடனே வேலை செய்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது. முதல் வாரத்தை மட்டும் பார்த்தால் மாத்திரை ஜெயிக்கும், சிகிச்சை முடிந்த ஆறாம் மாதத்தைப் பார்த்தால் அலாரம் ஜெயிக்கும். ஆகவே எந்த ஒப்பீட்டைப் பார்த்தாலும் எந்த நாளில் எண்ணினார்கள் என்று பாருங்கள். பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கல் என்று வந்தால் மாத்திரைக்கு ஈடு இல்லை. ஆனால் மாத்திரையைப் போட்டுவிட்டு இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. வெளியேற வேண்டிய நீர் உடலில் தங்கி ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போயிருக்கிறது. அமெரிக்க மருந்து ஆணையம் 2007-ல் படுக்கை ஈரத்துக்கு இதன் மூக்குத் தெளிப்பு வடிவத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

யாருக்கு மாத்திரை அதிகம் கேட்கும் என்பதைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்ளளவுக்கு ஒரு கணக்கு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்குங்கள். எட்டு வயதுக்கு 270 மில்லி. இரவில் டயபர் மாட்டி, காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்து, காய்ந்த டயபரின் எடையைக் கழித்து, காலை முதல் சிறுநீரையும் சேர்த்தால் இரவு உற்பத்தி தெரியும். ஒரு கிராமை ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். கொள்ளளவின் 130 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது எட்டு வயதுக்கு 350 மில்லிக்கு மேல் போனால், இரவில் அதிகம் சுரக்கிற வகை; டெஸ்மோபிரெசினுக்குக் கேட்க வாய்ப்பு அதிகம். அளவு சாதாரணம், ஆனால் பகலிலும் அடிக்கடி ஓடுகிறான் என்றால் விஷயம் வேறு. மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அமுக்கும். அதைச் சரிசெய்தாலே ஈரமும் நின்ற பிள்ளைகள் உண்டு.

இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மாத்திரையை 1960-லிருந்து இதற்குக் கொடுத்துவந்தார்கள். பலன் வாரத்துக்கு ஏறத்தாழ ஓர் இரவு. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். வீட்டில் இன்னொரு சின்னக் குழந்தை இருந்து டப்பா கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால், கூடவே தாகமும் எடை இறக்கமும் இருந்தால், அலாரம் வாங்கப் போகாமல் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள்.

இனி அம்மா.

உங்கள் விவரிப்பில் இரண்டு தொல்லை கலந்திருக்கிறது. இருமல், தும்மல், பாரம் தூக்குவதில் கசிவது ஒன்று. அதை 'ஸ்ட்ரெஸ்' கசிவு என்று சீட்டில் எழுதுவார்கள், வீட்டுக்கு வந்து 'மனசுல ஏதாவது கவலையா?' என்று விசாரணை நடக்கும். கவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் என்றுதான் பொருள். உந்துதல் வந்ததும் அடக்க முடியாமல் போவது இன்னொன்று, அவசரக் கசிவு. இரண்டுக்கும் ஆய்வுகள் வேறு, மருந்து வேறு. செய்தியில் வரும் 'புதிய கண்டுபிடிப்பு' எந்த வகைக்கு என்று பார்க்காமல் நம்பினால் ஏமாற்றம்தான்.

அழுத்தக் கசிவுக்கு முதல் சிகிச்சை இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதியதிலிருந்து அவர் பெயரிலேயே வழங்குகிறது. இதை 'சும்மா பயிற்சி' என்று ஒதுக்குகிறவர்களுக்குக் காட்டவேண்டிய எண்கள் 2018-ன் கோக்ரேன் மதிப்பாய்வில் இருக்கின்றன: அழுத்தக் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டது என்றார்கள், எதுவும் செய்யாதவர்களில் 6 சதவீதம்.

பிறகு ஏன் பலர் 'செய்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்கிறார்கள்? ஒரு காரணம் 1991-லேயே தெரிந்துவிட்டது. பம்ப் என்பவரின் குழு 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் முயலும்போது சிறுநீர்க்குழாய் அழுத்தத்தை அளந்தது. சரியாகச் செய்தவர்கள் 49 சதவீதம். 25 சதவீதம் பேர் செய்த விதம் கசிவை அதிகமாக்கக்கூடியது. உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கினார்கள். அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்புறத்தைச் சுருக்கி, அதே இழுப்பை முன்னால் சிறுநீரை நிறுத்துவதுபோல் கொண்டுவந்து, மேலே தூக்க வேண்டும். வயிறு இறுகக் கூடாது, தொடை சேரக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது. புருவம் சுருங்கினால் தப்பான தசை வேலை செய்கிறது. எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். முடிந்தால் ஒருமுறையாவது இதில் பயிற்சியுள்ள பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சரிபார்க்கட்டும். அதே சமயம், திரையில் கோடு காட்டும் கருவிக்குப் பணம் கொட்ட வேண்டாம். 600 பெண்களை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியான ஓபல் ஆய்வில், கருவியோடு பயின்றவர்களுக்கும் கருவி இல்லாமல் பயின்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

எடை கூடுதலாக இருந்தால் அதுவும் சிகிச்சைதான். 2009-ல் வெளியான பிரைட் ஆய்வில் 338 பெண்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் 8 சதவீதம் குறைத்த குழுவில் கசிவு 47 சதவீதம் குறைந்தது. எடை அவ்வளவாகக் குறையாத ஒப்பீட்டுக் குழுவிலும் 28 சதவீதம் குறைந்ததைக் கவனித்தீர்களா? மறுபடியும் அதே வழுக்குப் பாறை.

ஆபரேஷன் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். கசிவு மிதமாகவோ கடுமையாகவோ இருக்கிறவர்களுக்கு அது பயிற்சியைவிட வலுவானது. நெதர்லாந்தில் 460 பெண்களைப் பயிற்சிக்கும் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் வலைநாடா வைக்கும் சிகிச்சைக்கும் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு வருடத்தில் நாடாக் குழுவில் 90.8 சதவீதம் பேரும் பயிற்சிக் குழுவில் 64.4 சதவீதம் பேரும் முன்னேற்றம் என்றார்கள். பயிற்சிக் குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேர் இடையிலேயே ஆபரேஷனுக்குத் தாவியும் விட்டார்கள். 2013-ல் வந்த அந்த ஆய்வு பயிற்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் கசப்பு. ஆனால் அதைப் புரட்டிப் படித்தால், பாதிப் பேருக்குக் கத்தியே தேவைப்படவில்லை என்றும் அதில் இருக்கிறது. ஆகவே பயிற்சியிலிருந்து ஆரம்பித்தால் இழப்பு மூன்று மாதம்தான்.

வலைநாடாவின் பின்கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1990-களில் சுவீடனின் உல்ம்ஸ்டென் கொண்டுவந்த முறை அரைமணி நேர வேலையாக உலகமெங்கும் பரவியது. அதே வகை வலைத்துணியைக் கருப்பை இறக்கத்துக்கும் பெரிய துண்டாக வைக்க ஆரம்பித்தார்கள். ஓரிரு வருடத் தொடர்ச்சியில் அழகாகத் தெரிந்தது. அப்புறம் வலை உறுத்தி வெளியே வருவது, தீராத வலி, தாம்பத்தியத்தில் வேதனை என்று பெண்கள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 2018-ல் நாடா உட்பட இந்த வலைச் சிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அமெரிக்காவில் 2019-ல் இறக்கத்துக்குப் பிறப்புவழியாக வைக்கும் வலையின் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். கசிவுக்கான நாடா அங்கே தொடர்கிறது. அம்மாவுக்கு யாராவது நாடா சொன்னால், எத்தனை வருடத் தொடர்ச்சி, எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள்.

'வெற்றி' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2007-ல் 655 பெண்களிடம் இரண்டு பழைய அறுவை முறைகளை ஒப்பிட்டார்கள். உடலின் சொந்தத் திசுவால் தாங்கு பட்டை வைத்த குழுவில் இரண்டு வருட வெற்றி 47 சதவீதம். அதே பெண்கள், அதே நாள், இருமல் கசிவை மட்டும் வைத்து எண்ணினால் 66 சதவீதம். முதல் அளவுகோலில் பேடு எடை, இருமல் சோதனை, நாட்குறிப்பு, மறுசிகிச்சை என்று எல்லாக் கதவையும் தாண்ட வேண்டும். விளம்பரத் தாளில் எந்த எண் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அவசரக் கசிவுக்கு மருந்துகள் உண்டு. ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின் வகையறா சிறுநீர்ப்பையின் சுருக்கத்தைத் தணிக்கும், கூடவே வாயை வறட்டும், மலத்தை இறுக்கும். இந்த வகை மருந்துகளை வருடக்கணக்கில் எடுத்த முதியவர்களிடம் மறதிநோய் அதிகம் காணப்பட்டதாக 2015-லும் 2019-லும் பெரிய ஆய்வுகள் வந்தன. அவை குலுக்கிப் பிரித்த ஆய்வுகள் அல்ல. மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் வயதானவர் என்றால் நான் அந்தக் கேள்வியை மருத்துவரிடம் எழுப்பாமல் விடமாட்டேன். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்கிறது, வாய் அவ்வளவு வறளாது, ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் சிறுநீர்ப்பைச் சுவரில் போடாக்ஸ் ஊசி. 2012-ல் 247 பெண்களிடம் மாத்திரையையும் ஊசியையும் மோதவிட்டார்கள். மாத்திரைக் குழுவுக்கு வெற்று ஊசி, ஊசிக் குழுவுக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. நாளுக்கு ஐந்து கசிவு என்று ஆரம்பித்தவர்களிடம் இரண்டு குழுவிலும் மூன்று சொச்சம் குறைந்தது, கிட்டத்தட்டச் சமம். ஆனால் முழுக்க நின்றவர்கள் மாத்திரையில் 13 சதவீதம், ஊசியில் 27. ஊசிக் குழுவில் சிறுநீர்த் தொற்று 33 சதவீதம் பேருக்கு, மாத்திரையில் 13. சிலருக்குச் சிறுநீர் வெளியேறாமல் தாங்களே குழாய் விட்டு எடுக்க வேண்டியும் வந்தது. கணுக்கால் பக்கத்து நரம்புக்கு ஊசிவழி மின்தூண்டல் கொடுக்கும் முறையும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டது. போலி என்றால் தோலைத் துளைக்காத ஊசி, பாதத்தில் சும்மா ஒரு மெல்லிய மின்கூச்சம். உண்மைக் குழுவில் 54.5 சதவீதம் முன்னேற்றம், போலியில் 20.9. இப்படிப் போலியைக்கூடச் சிரத்தையாகச் செய்த ஆய்வைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை.

அம்மாவின் வயதில் ஹார்மோன் மாத்திரை பற்றிய பேச்சும் வரும். மாதவிடாய் நின்ற பிறகுதானே கசிவு ஆரம்பிக்கிறது, ஹார்மோன் கொடுத்தால் நிற்கும் என்று பல காலம் நியாயமாகவே நம்பினார்கள். 27,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்கப் பெரும் ஆய்வு 2005-ல் எதிர்மாறாகச் சொன்னது: கசிவே இல்லாமல் ஆரம்பித்தவர்களில், ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் அழுத்தக் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் வந்தது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வேறு விஷயம், அது ஓரளவு உதவுகிறது. அப்புறம், பெண்களுக்குப் பலன் தந்த பயிற்சி எல்லோருக்கும் தரும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்த ஆண்களிடம் மாப்ஸ் ஆய்வு செய்தபோது, ஆள் வைத்துப் பயிற்சி பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து 76 சதவீதம் பேருக்குக் கசிந்தது, வழக்கமான கவனிப்பில் 77.

ஆய்வில் சேரலாமா என்ற கேள்விக்கு: ஒழுங்காக நடக்கும் ஆய்வு என்றால் சேரலாம், அதில் கிடைக்கும் கவனிப்பு பல நேரம் சாதாரணமாகக் கிடைப்பதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் ஒப்புதல் படிவத்தை அங்கேயே நின்று கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். வெற்று மாத்திரைக் குழுவில் விழ எவ்வளவு வாய்ப்பு, இப்போது எடுக்கும் மருந்தை எத்தனை வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அந்த வாரங்களில் கசிவு கூடினால் என்ன ஏற்பாடு, பக்க விளைவு வந்தால் செலவு யாருடையது, ஆய்வு முடிந்த மறுநாள் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு, ஆய்வு முடிந்ததும் டப்பாவைத் திருப்பி வாங்கியபோது என் மேசைக்கு எதிரே கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை கெடக் கூடாது. அது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

சேர்ந்தால் நாட்குறிப்பை அன்றன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். 2002-ல் வலி நோயாளிகள் 80 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். காகித நாட்குறிப்பு அட்டைக்குள் ஒளி உணரியை மறைத்துவைத்து, எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவுசெய்தார்கள். குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டியது 90 சதவீதம், உண்மையில் 11. எங்களுக்கு உணரி எல்லாம் தேவைப்படவில்லை. ஏழு நாள் குறிப்பும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு கறைகூட இல்லாமல் வந்தால், அது வரவேற்பறை நாற்காலியில் பத்து நிமிடத்தில் எழுதியது. கழிவறை வாசலில் கயிற்றில் பென்சிலோடு தொங்கி, மூலை நனைந்து, நடுராத்திரிக் கிறுக்கலோடு வரும் தாளைத்தான் நான் முதலில் எடுத்து எண்ணுவேன்.